எங்கள் லயம் மியூசியமாகிறது

இன்று காலை கேகாலையிலிருந்து மூன்று பேர், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். கூரைத் தகரம் மாற்றித் தரத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா ஓடிப்போய் பிளேன்டீ ஊற்றினார்.

வந்தவர்கள் டவுன் மியூசியம் கமிட்டியாம். தோட்ட மக்கள் வாழ்ந்த விதத்தைக் காட்ட எங்கள் லயத்தைத் தெரிவு செய்திருக்கிறார்களாம்.

"தகரத்துல கைய வச்சிராதீங்கம்மா. பழைய மாதிரியே இருக்கணும்," என்றார் தலைவர்.

"மழ பேஞ்சா உள்ள படுக்க முடியல சேர். சின்னவளுக்கு நெஞ்சு சளி கட்டி, இப்பதான் ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டு வந்தோம்."

"இது நம்ம வரலாறும்மா."

என் வாய் சும்மா இருக்குமா? "கமிட்டியில எங்க லயத்து ஆளு யாரு சேர்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் தம்பி. நீங்க இங்க இருந்தா போதும்."

"அப்ப எங்கள வைக்கிற கண்ணாடிப் பெட்டி எப்ப சேர் வரும்? அந்தப் பெட்டியாவது ஒழுகாதுல்ல?"

பக்கத்து வீட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தங்கச்சியின் பாயைக் காயாத மூலையிலிருந்து காய்ந்த மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

கமிட்டியை அடைமழையில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைப்போம். மியூசியத்தை யார் நடத்துவது என்பதை விடிந்ததும் பேசலாம். பாய் தர யார் ரெடி?