இடியப்பக் கொம்பனிக்குத் துடக்குள்ள சட்டங்கள்

சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு அடிப்பவளுக்குச் சட்டம் தெரியும் என்று எங்கள் ஊர் உரும்பிராயில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காணி உறுதியில் எல்லைகளை எந்த ஒழுங்கில் எழுதுவது, கட்சிக்காரரை எவ்வளவு நேரம் வாங்கில் இருத்தி வைக்கலாம் என்பவை மட்டும்தான். ஆனாலும் வேலிச் சண்டை வந்தாலும், ஆடு அடுத்த வீட்டு வாழையைக் கடித்தாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நானும் தெரியாது என்று சொல்வதில்லை. சொன்னால் மரியாதை என்னாவது?

அப்படித்தான் மச்சாளும் வந்தாள். மச்சாள் என் மாமாவின் மகள், என் வயதுக்காரி. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களை இரண்டாம் தரம் வீட்டுக்குள் விட்டதுமில்லை. இரண்டு பெண்களை வைத்து வீட்டுப் பின்பக்கத்தில் இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தங்கச்சி இடியப்பம் விற்கிறாள் என்று கனடாவில் சொல்லக் கூச்சப்பட்ட அவளுடைய அண்ணை, அதைக் கொம்பனியாகப் பதிந்து, வாசலில் ஆளுயரப் பலகையும் போடுவித்தார்.

அதே அண்ணைதான் இப்போது அவளைக் கனடாவுக்கு வரச் சொல்லி நின்றார். அங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. இங்கே வீடோ அவருடைய காசில் கட்டிய வீடு. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மச்சாளுக்கு வாய் வரவில்லை. நகரில் புதிதாகத் திறந்த ஒரு பெரிய விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் கேட்கிறார்கள், அந்த ஓடர் கிடைத்தால் கொம்பனி தன் காலில் நிற்கும் என்று ஒரு சாட்டுச் சொன்னாள். "சரி. கிடைச்சா இரு. கிடைக்காட்டி வெளிக்கிடு" என்றார் அண்ணை. சாட்டு ஒப்பந்தமாகிவிட்டது.

விடுதிக்காரர் இடியப்பத்தைத் தின்று பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு ஒரு கேள்வி அனுப்பினார்கள். உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் சுற்றாடல் சட்டங்கள் எவை, ஒவ்வொன்றையும் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று எழுதித் தர வேண்டுமாம்.

"சமைக்கிற குசினி எண்டே பலகை போட்டிருக்கலாம்," என்றாள் மச்சாள். "கொம்பனி எண்டு போட்டதாலைதான் உந்த வில்லங்கம். நீ சட்டம் தெரிஞ்சவள், எழுதித் தா."

எழுதிக் கொடுக்காவிட்டால் அவள் பிளேன் ஏறிவிடுவாள். அவள் போய்விட்டால் எனக்கு ஊரில் சண்டை பிடிக்க ஆளில்லை. அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்தேன்.

அதுவரை நான் பார்த்த நீளமான பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் மரண அறிவித்தல்கள்தான். எங்களூர் மரண அறிவித்தலில் மருமக்கள், மைத்துனர், சகலன், பேரன், பூட்டன், சகலனின் சம்பந்தி வரை பெயர் வரும். ஒருவரை விட்டால் அவர் எட்டாம் நாள் செலவுக்கு வரமாட்டார். சட்டங்களையும் நான் அந்தப் பயத்தோடுதான் அணுகினேன். தேசிய சுற்றாடல் சட்டத்தைக் குடும்பத் தலைவராக முதலில் வைத்தேன். அதன்கீழ் புகை, சத்தம், கழிவுநீர், பிளாஸ்டிக் பற்றிய ஒழுங்குவிதிகள். பிறகு கரையோரப் பாதுகாப்பு, கடல் மாசு, காடு, வனவிலங்கு, மரம் தறித்தல், சுரங்கம். இணையத்தில் கண்ட ஒன்றையும் மனம் நோக விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நேரே "கடைப்பிடிக்கிறோம்" என்று அழுத்தமாக அடித்தேன். பார்க்கவே ஒரு கம்பீரமாக இருந்தது.

இடையில் ஒரு சந்தோசமும் கிடைத்தது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்த அறிவித்தலில் கரண்டி, முள்ளுக்கரண்டி, பூமாலை எல்லாவற்றோடும் இடியப்பத் தட்டும் இருந்தது. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாள். "கொழும்பிலை இருந்து இடியப்பத் தட்டைப் பற்றி யோசிச்சிருக்கினமே," என்றாள். தடை செய்துவிட்டார்களே என்ற கவலையைவிட, நினைத்தார்களே என்ற பெருமைதான் முகத்தில் தெரிந்தது. கடைகள் சிலவற்றுக்காக வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகளை அன்றே கட்டி ஒதுக்கிவிட்டாள். பிரம்புத் தட்டு மட்டும் அடுப்படியில் மிஞ்சியது.

விடுதியில் இருந்து இந்த விடயங்களைப் பார்க்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். திருகோணமலைப் பக்கம். நல்ல பணிவான பேச்சு. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என் பட்டியலை வாசித்தாள்.

"அன்ரி, இங்க இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸிலை போகவேணும்," என்றேன்.

"அப்ப கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை எப்பிடிக் கடைப்பிடிக்கிறீங்க?"

"கடற்கரைக்கு நாங்கள் ஒண்டும் செய்யிறேல்லை."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கமாக இருந்தது. "பொருந்தும் எண்டு எழுதினா, அதுக்கு அத்தாட்சி காட்ட வேணும் அன்ரி. சுரங்க அனுமதிப்பத்திரம் கேட்டா என்ன செய்வீங்க? உங்கட வேலையில உள்ள வாறது என்ன, வெளிய போறது என்ன எண்டு பாத்து, அதைத் தொடுற சட்டத்தை மட்டும் எழுதுங்க. அடுத்த கிழமை வாறன்." வாசலில் செருப்பைப் போட்டவள் திரும்பி, "வனவிலங்கையும் எடுத்திடுங்க," என்றாள்.

அவள் போனதும் நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். மச்சாள் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். சட்டம் தெரியாதவள்தான். ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் யார் யாருக்குத் துடக்கு என்ற சாவுத் தீட்டு, யார் முப்பத்தோராம் நாள்வரை கோயிலுக்குப் போகக்கூடாது, யார் தலைமுழுகிவிட்டுப் போகலாம் என்று அவளிடம் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

"நீ செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்கவும் எழுதியிருக்கிறாய்," என்றாள். "வந்ததெல்லாம் சொந்தமோ? துடக்கு ஆருக்கு எண்டு பாக்கவேணும். கடல் எங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"வெட்டு. சுரங்கம்?"

"இல்லை."

"வெட்டு. புகை?"

எட்டிப் பார்த்தேன். ஆவியும் விறகுப் புகையுமாக அடுப்படி தெரியவில்லை. "புகைக்குத் துடக்கு," என்றேன்.

"முப்பத்தொண்டுவரை," என்றாள் அவள்.

தேங்காய் துருவும் மிசின் விடியப்புறம் போடும் சத்தத்துக்கும் துடக்கு. பிளாஸ்டிக்குக்குத் துடக்கு. மரம் தறித்தலுக்கு, விறகு வெளியில் வாங்குவதால், தலைமுழுகினால் போதும் என்று தீர்ப்பாயிற்று. வனவிலங்குச் சட்டத்து யானைக்கு அவள் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. கடைசியில் ஐந்தாறு சட்டம்தான் மிஞ்சியது. அதை வாசித்துப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அது சரி, எங்கடை பிரதேச சபை எங்கை?"

நான் போடவில்லை. யானை வரைக்கும் போனவள், எந்த நாளும் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பிரதேச சபையை மறந்துவிட்டேன். சகலனின் சம்பந்தியைப் போட்டுவிட்டுக் கூடப்பிறந்தவனை விட்ட கதை. மச்சாள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சபைக்குப் போனோம். அங்கிருந்து ஒரு உத்தியோகத்தரும், ஊரில் பி.எச்.ஐ. என்று சொல்லும் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார்கள். அடுப்பையும் மிசினையும் பார்த்துச் சிறு திருத்தங்கள் சொன்னார்கள். பிறகு சட்டி கழுவிய தண்ணீர் வாழையடிக்கு ஓடுவதைக் கண்டு நின்றுவிட்டார்கள். வீட்டில் நாலு சட்டி கழுவுவது வேறு, கொம்பனியில் அண்டா கழுவுவது வேறு. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். இன்று நிலத்தில் ஊற்றியது நாளை கிணற்றில் வரும். எல்லாக் கிணறுகளுக்கும் தள்ளி, குழி தோண்டி மூடிய கிடங்கு கட்டினால்தான் அனுமதி என்றார்கள். அந்த அனுமதி இல்லாமல் விடுதி ஓடர் இல்லை என்று, சொன்னபடி திரும்பி வந்த விடுதிப் பிள்ளையும் சொல்லிவிட்டாள்.

நாடாவைப் பிடித்தோம். பின்னால் மச்சாளின் கிணறு. இரண்டு பக்கமும் அயல்வீட்டுக் கிணறுகள். எங்கே நின்று அளந்தாலும் ஏதோ ஒரு கிணறு கிட்ட வந்தது. கடைசியில் முழுக் காணிக்கும் ஒரே ஒரு இடம்தான் தேறியது. அது கேற்றுக்குப் பக்கத்தில், போன முறை வந்தபோது அண்ணை வெயிலில் தானே நின்று சீமெந்து போடுவித்த இடம். ஒரேயடியாக ஊரோடு வந்துவிட்டால் கார் விடுவதற்கு என்று போட்டது.

"கேட்டிட்டு உடைப்பம்," என்றேன்.

"கேட்டா வேண்டாம் எண்டுவார். வேண்டாம் எண்டா நான் உடைக்கமாட்டன்," என்றாள். அடுத்த நாளே ஆள் பிடித்து உடைப்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை வீடியோவில் வந்தார். வழக்கமாக மச்சாள் முற்றத்துப் பூக்கன்றையும் சுவரையும் மட்டும் காட்டுவாள். நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: "சட்டம் எண்டு சொல்லு. பழி என்னிலை வரட்டும்." அவள் நேரே கேற்றடிக்குப் போய்ப் போனைத் திருப்பிப் பிடித்தாள்.

"உது என்ன கிடங்கு?"

"கொம்பனியின்ரை கழிவுத் தண்ணிக்கு, அண்ணை."

"என்ரை சீமெந்தை உடைச்சோ?"

"ஓம்."

"ஆரைக் கேட்டு?"

நான் பக்கத்தில் நின்று, சட்டம், சட்டம் என்று வாயசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"சட்டம் கேட்டதுதான். ஆனா நானும் விரும்பித்தான் உடைச்சனான். எனக்கு அங்கை வர விருப்பமில்லை அண்ணை. நான் இங்கை இருக்கப்போறன்."

போனுக்குள் ஒரு பிள்ளை அழுதது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணை போனை நிமிர்த்திப் பிடித்தார்.

"அப்ப ஓடர் கிடைச்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை. கிடங்கு கட்டி முடிஞ்சாத்தான் வந்து பாப்பினம். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் இருக்கப்போறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து கிடங்கைப் பார்த்தார்.

"மூடியை நல்லாக் கம்பி வைச்சுப் பலமாப் போடச்சொல்லு," என்றார். "நான் வந்தா அதுக்கு மேலைதான் காரை விடவேணும்."

மச்சாள் போனை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் போனை வாங்கி, "ஓம், போடுவம்," என்றேன்.