ஒற்றை ஆமென்

என் அண்ணன் தையல்காரன். சபையில் அவன் எழுந்து ஜெபித்தால் கல்லும் கரையும். "ஆண்டவரே, நான் தூசி, நான் புழு, பாவிகளிலே பெரும் பாவி" என்று அவன் உருகும்போது முன்வரிசை மூக்கை உறிஞ்சும். கடையில் வந்து ஒரு பித்தான் கோணலாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். புழுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கடையில் துணி வெட்டுவது என் வேலையாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டீச்சருடைய மகனின் கல்யாணக் கோட்டை மட்டும் அண்ணன் தானே வெட்டினான். ஒரு கை இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. டீச்சர் வந்து கத்தியபோது, "தங்கச்சி வெட்டினது டீச்சர், மன்னிச்சிடுங்க" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு வந்தவர்கள் எல்லாம், "தங்கச்சிகிட்ட குடுத்துடாதீங்க" என்றார்கள். பித்தான் துளைக்குக் காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும்தான் எனக்கு மிச்சம்.

போன ஞாயிறு அவன் வழக்கம்போல "நான் பெரும் பாவி" என்றான். எனக்கு என்ன வந்ததோ, "ஆமென்!" என்றேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

மூன்று நாள் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை மெஷினை நிறுத்தினான்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீதானே பாவின்னு சொன்ன."

"அது ஜெபம்!"

"அப்ப பொய்யா ஜெபம் பண்ணினியா?"

அவன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். தைத்த தையலையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் டீச்சரே புதுத் துணியோடு வந்தார். "நீங்களே வெட்டுங்க, என்ன?" என்றார். அண்ணன் எழுந்தான். அழகழகாக ஜெபிக்கிறவனுக்கு அன்று வாய் குழறியது.

"டீச்சர்... அந்தக் கோட்டைக் கெடுத்தது நான். பழியை இவ மேல போட்டுட்டேன்."

தூசியும் இல்லை, புழுவும் இல்லை. அவ்வளவுதான் சொன்னான். காது வரை சிவந்திருந்தது.  டீச்சர் துணியை என் முன்னால் வைத்துவிட்டு, "நீயே வெட்டும்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நான் துள்ளியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. மூன்று வருஷமும் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, நான் நல்லவளாக உட்கார்ந்திருந்தது எனக்கு எத்தனை சுகமாக இருந்திருக்கிறது!

"அண்ணா, நான் பக்தியில ஆமென் சொல்லல. எல்லார் முன்னாடியும் உன்னை அசிங்கப்படுத்தணும்னுதான் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

"தெரியும்" என்றான். துணியை மேசையில் விரித்து, சுருக்கம் விழாமல் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "அழுதுட்டு வெட்டாத. கண்ணைத் துடைச்சுக்கோ, நான் பிடிச்சிட்டு இருக்கேன்."