கருமாதிப் புத்தகம்

என் வீட்டுக்காரர் எழுதிய புத்தகங்களில் விற்றதெல்லாம் கடவுளைப் பற்றியவைதான். பகலில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு. அந்த வகுப்புக்காகக் கேள்வி பதிலாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். கடவுள் எங்கே இருக்கிறார்? எங்கும் இருக்கிறார். பாவம் என்பது என்ன? பிற உயிரை நோகச் செய்வது. சிதம்பரம் கீழவீதியில் பக்திப் புத்தகம் மட்டுமே போடும் ஒரு பிரஸ்காரர் அவற்றை அச்சடித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான நான் வீட்டில் சம்பளமில்லாமல் அவருக்குப் பிழை திருத்தினேன்.

"ஒங்க சாமி எல்லாக் கேள்விக்கும் ஒரே வரில பதில் சொல்லிடுது. எங்க பாடத்துல வழிமுறை எழுதலன்னா மார்க் கெடையாது" என்று சீண்டுவேன். சிரிப்பார்.

சுனாமிக்குப் பிறகு அந்த ஒரு வரிப் பதில் அவரிடமே நிற்கவில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை வகுப்பில் எழுந்து, எங்கும் இருக்கிறார் என்றால் அலைக்குள்ளும் இருந்தாரா சார் என்று கேட்டதாம். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அடுத்த பதிப்புக்குப் பிரஸ்காரர் ஆள் அனுப்பினார். திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறு வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடம் ஏறியது. இவருடைய சொந்த ஊர் குமராட்சிப் பக்கம், ஆற்றை ஒட்டிய நெல் விளையும் ஊர்களில் ஒன்று. இவருடைய அண்ணன் அங்கே குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். போன் வேலை செய்யவில்லை என்று இவர் மினிபஸ், டிராக்டர் என்று மாறி மாறி ஏறி ஊருக்குப் போனார். அங்கே கரை மேல் ஆம்பிளைகள் மண்வெட்டியோடு காவல் நின்றிருந்தார்கள். தண்ணீருக்குக் காவல் இல்லை அது. தண்ணீர் ஏறும்போது எதிர்ப்பக்கத்துக் கரையை யாராவது வெட்டிவிட்டால் வெள்ளம் அங்கே பாய்ந்து இந்தப் பக்கம் பிழைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊருக்குப் பயந்து நிற்கும்.

வெள்ளத்துக்கு ஒதுங்கிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலனிக்காரர்களில் ஒரு பெரியவர்தான் இவரிடம் அந்தப் பழைய சங்கதியைச் சொன்னார். இவருடைய தாத்தா காலத்து வெள்ளம் ஒன்று. ஊரில் அதைக் கரை உடைந்த வருஷம் என்பார்கள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் என் மாமியாரும் எனக்கு அப்படித்தான் சொன்னார். காலனிப் பெரியவர் சொன்னது வேறு. கரை உடையவில்லை, வெட்டினார்கள். தங்கள் நஞ்சையைக் காப்பாற்ற, காலனி இருந்த பக்கமாக வெட்டினார்கள். வெட்டச் சொல்லி முன்னால் நின்றவர் இவருடைய தாத்தா. குடிசைகளோடு போனவர்களில் குழந்தைகள்தான் ஜாஸ்தி.

திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பாவம்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கனே, வெள்ளத்த அடுத்தவன் வீட்டுக்குத் திருப்பி வுடறது அதுல எங்க வருது?"

அதற்குப் பிறகு மூன்று நாலு வருஷம் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்பதே கிடையாது. இவர் ஊர் ஊராக அலைந்தார். கோயில் கல்வெட்டு, பழைய பத்திரம், ஆற்றின் போக்கு, யார் எப்போது வந்து குடியேறினார்கள், எந்த ஏரியை யார் தூர்த்தார்கள் என்று அந்தச் சுற்று வட்டாரத்தின் வரலாறு முழுவதையும் எழுதினார். வெள்ளம் அதில் ஒரு அத்தியாயம்தான். ஆனால் மற்ற அத்தியாயங்களெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "கரை தானாக உடையவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் வெட்டினார்கள்" என்று அது ஆரம்பிக்கும். அதைப் பிழை திருத்தும்போது என் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. எழுதியதில் அவ்வளவு சுத்தம்.

பிரஸ்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார். "சாமி புக்குனா நூலகத்துல எடுப்பாங்க, கோயில் கடையில எடுப்பாங்க. இத யாருங்க வாங்குவா? ஊர்க்காரன் வாங்க மாட்டான், வெளியூர்க்காரனுக்கு ஊரே தெரியாது." சென்னையில் இரண்டு இடத்துக்கு அனுப்பினோம். ஒரு இடத்திலிருந்து திரும்பி வந்தது, இன்னொரு இடத்திலிருந்து அதுவும் வரவில்லை.

அதற்குள் இவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை பாண்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவார். ஒரு நாள் தூங்கவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"நான் போனதுக்கப்பறம் காரியத்துக்கு எப்படியும் புக்கு போடுவீங்க இல்ல?"

எங்கள் சொந்தத்தில் அது வழக்கம். பதினாறாம் நாள் கருமாதிக்கு, இறந்தவர் போட்டோவை அட்டையில் போட்டு, உள்ளே பக்திப் பாட்டு அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்போம். வெற்றிலை பாக்கோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

"பாட்டுக்குப் பதிலா இதப் போட்டுடு" என்றார். "சாவு வூட்ல குடுக்கறத எவனும் வேணான்னு சொல்ல முடியாது. செத்தவன் மொகம் இருக்கறதால பழைய பேப்பர்ல தூக்கிப் போடவும் மாட்டான். வூடு வூட்டுக்கு இருக்கும். என்னிக்காவது ஒருத்தன் எடுத்துப் படிப்பான். அந்த அத்தியாயம் மட்டும் கொறையக் கூடாது."

நடுவழியில் இதையெல்லாம் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. "புக்கு விக்கறதுக்காகச் செத்துப் போற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக முடிந்தது. போடுகிறேன் என்று சொன்னேன்.

இவர் அதோடு விடவில்லை. மறைக்கத் தெரியாத மனுஷன். உடம்பு பார்க்க வந்த அண்ணனிடம் தாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமா அன்றைக்கு ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

2011 தொடக்கத்தில், பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் இவர் போய்விட்டார். உடம்பை ஊருக்குக் கொண்டு போனோம். எங்களுக்கு ஒரே மகள். கொள்ளி வைக்க மாமாவின் பையன்தான் என்று எப்போதோ முடிவானது. குளிப்பாட்டி முடித்துப் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது மாமா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆத்தங்கரை சமாச்சாரத்த எடுத்துடும்மா. மத்தத எத வேணா போட்டுக்கோ. எடுக்கலன்னா எம்புள்ள கொள்ளி வெக்க மாட்டான்."

அவரும் அழுதிருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. வாசலில் கிடத்தியிருக்கும் மனுஷனை வைத்துப் பேரம் பேசுகிறவரிடம் என்ன நியாயம் பேசுவது?

"சரிங்க மாமா" என்றேன். முழுப் பொய். அதற்காக இன்று வரை நான் வருத்தப்பட்டதில்லை.

பையன் கொள்ளி வைத்தான். பால் தெளித்த மறுநாளே நான் சிதம்பரம் போய்ப் பிரஸ்காரர் முன்னால் உட்கார்ந்தேன். கருமாதிப் புத்தகம் என்றதும் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. அதற்கென்று அவரிடம் ஒரு அச்சு இருந்தது. அட்டையில் மேலே நடராஜர், நடுவில் மாலை போட்ட போட்டோ, கீழே சிவலோகப் பதவி அடைந்த தேதி. முதலில் துதிப்பாட்டு இருந்தே ஆக வேண்டும் என்றார். நாலு பக்கம்தானே, போகட்டும் என்று விட்டேன். இவர் வைத்த தலைப்பு அட்டையில் எங்கேயோ ஒரு மூலையில், எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. போட்டோ மாமாவே பிரஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். தம்பி காலேஜில் படித்தபோது எடுத்தது, மீசை அரும்பிய முகம். அந்த அத்தியாயம் ஒரு வரி குறையாமல் உள்ளே இருந்தது.

பதினாறாம் நாள் வந்தது. யாராவது பந்தியில் உட்கார்ந்தபடி புரட்டுவார்கள், சத்தம் வரும், மாமா எழுந்து வருவார், அவருக்கு என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொருவராகப் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அட்டையைப் பார்த்து, எவ்ளோ நல்ல மனுஷன் என்றார்கள். பையில் போட்டுக்கொண்டு மினிபஸ் பிடிக்கப் போனார்கள்.

காலனிக்காரர்களைக் கருமாதிக்கு அழைக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. மறுநாள் நானே கொண்டு போனேன். சங்கதியைச் சொன்ன பெரியவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். அவருடைய மகள்தான் இருந்தார். நாற்று நட்டுவிட்டு வந்த சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உங்கப்பா சொன்னது இதில் இருக்கிறது என்றேன். அவர் அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அய்யா மொகம் இருக்கும்மா இதுல" என்று சொல்லி, உள்ளே போய் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு பூவையும் கிள்ளி வைத்தார். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்து எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது. மீதியிருந்த புத்தகக் கட்டுகள் நனைந்து ஒரே கட்டியாகிவிட்டன. பிரித்துப் பார்த்தால் எழுத்து எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக, இவருடைய புத்தகம் இருந்தது சொந்தக்காரர்கள் வீட்டுப் பூஜை அலமாரிகளிலும் அந்தக் காலனி வீட்டிலும் மட்டும்தான். அந்த ஒரு விஷயத்தில் இவர் கணக்கு சரி. எவரும் தூக்கிப் போடவில்லை. போகிற வீட்டிலெல்லாம் பார்த்தேன், சாமி படங்களுக்கு நடுவில் இவர் சிரித்துக்கொண்டிருந்தார். படித்தேன் என்று சொன்ன ஒரு மனுஷரையும் பார்க்கவில்லை.

2012இல் தலைத்தெவசம் ஊரில் நடந்தது. படையல் போட்டுவிட்டு இலை போடக் காத்திருந்தோம். மாமா வீட்டு அலமாரியிலும் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டை முழுக்கச் சந்தனமும் குங்குமமும் தடித்துப் போயிருந்தன. ஒரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"மாமா, அத நீங்க படிச்சீங்களா?"

"இல்லம்மா."

"நான் அந்த அத்தியாயத்த எடுக்கல."

"தெரியும்" என்றார். குரலில் கோபமே இல்லை. "போட்டோ குடுக்கப் போனேன் இல்ல, அப்பவே பிரஸ்ல பாத்துட்டேன். மொதல்ல கிழிச்சுப் போடச் சொல்லலாமான்னுதான் இருந்துது. அப்பறம் யோசிச்சேன். கருமாதி புக்க எவன்மா படிக்கப் போறான்? போட்டுட்டுப் போன்னு வுட்டுட்டேன்."

சாகிற மனுஷன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்த யோசனையை மாமா ஒரு நிமிஷத்தில் ஊதித் தள்ளியிருக்கிறார். நான் எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். குங்குமம் உதிர்ந்து தரையெல்லாம் சிவந்தது. ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் பிரித்து, கூடத்தில் நின்றுகொண்டே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

யாரும் தடுக்கவில்லை. மாமாவின் பையன் வாசல்படியில் வந்து நின்றான். சமையற்கட்டிலிருந்து பெண்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். வெட்டிய இடம், வெட்டிய ஆட்கள், தண்ணீர் காலனிக்குள் போன விதம், மறுநாள் வேலிகளில் சிக்கிக் கிடந்த பிள்ளைகள் என்று ஒன்று விடாமல் படித்தேன். முடித்து நிமிர்ந்தபோது மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அவன் பேசற மாதிரியே இருக்கும்மா" என்றார். "பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரியே இருக்கு. வருஷா வருஷம் தெவசத்துக்கு இத நீ படிக்கணும்."

மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவருக்காகத்தான். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதிர்ச்சி எந்த முகத்திலும் இல்லை. கரையை வெட்டினார்களா என்று அந்தக் கூடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. வாசல்படியில் நின்ற பையன்கூடக் கேட்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. தெரியாமல் வளர்ந்தவர் அந்த வீட்டில் இவர் ஒருவர்தான். மாமா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, நேரமாகிறது, இலை போடுங்கள் என்றார்.