பெரிய திரைக்காரர்

கரமனையில் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த கண்ணாடிக்காரர், டேப்லெட்டை இரு கையாலும் பிடித்துக் கார்ப் பந்தயம் ஆடினார். எதிராளி, முன்னால் பெண்கள் இருக்கையில் கைபேசியோடு இருந்த அவர் மனைவி. தோற்றவருக்கு இரவுச் சமையல்.

கைபேசிக்கான விளையாட்டை டேப்லெட் திரைக்கு அப்படியே இழுத்துப் பெரிதாக்கியிருந்ததால், பிரேக் பொத்தான் அவர் கட்டைவிரலுக்கு எட்டவில்லை. வளைவுக்கு வளைவு மோதினார்.

“சாரே, அந்த பிரேக்கைச் சித்த அமுக்குங்கோ!”

அமுக்கினேன்.

மனைவி திரும்பினார். “ஏன்னா, ஆள் வெச்சா ஓட்டறேள்? இது கள்ளக்களி, ஏமாத்து ஆட்டமாக்கும்!”

“பெரிய வண்டின்னா கிளீனர் வேணும்டீ.”

என் நிறுத்தம் வந்தபோது கடைசிச் சுற்று, கண்ணாடிக்காரர்தான் முன்னணியில். எழ மனம் வரவில்லை. ஜெயித்தோம்.

என் நாட்குறிப்பில் அந்தப் புதன்கிழமை: அலுவலகத்துக்குப் பத்தொன்பது நிமிடம் தாமதம், காரணம் பிரேக். அவர் பெயரைத்தான் கேட்காமல் விட்டேன்.