பூட்டிய லொறியின் பாரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலேர்மோ நகரில் இருந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்குள் இத்தாலி லைசென்ஸ் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நானும் ஒருவன். அதனால் யார் வீடு மாறினாலும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வரும்போது என் தோளில் ஒரு கை விழும். "அண்ணை, ஒரு சின்ன உதவி." அந்தச் சின்ன உதவி என்னவென்றால், வாடகை லொறியை என் பெயரில் எடுத்து, என் கையெழுத்தைப் போட்டு, என் பொறுப்பில் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவது. மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

ஓட்டுவதில் எனக்குப் பயமில்லை. பாரத்துக்குத்தான் பயம். என் லைசென்ஸுக்கு லொறியும் சாமானும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. லொறி பின்பக்கம் பதிந்து ஓடுவதைக் கண்டால் நெடுஞ்சாலைப் பொலிஸார் சிவப்பு வட்டம் பொருத்திய தடியை நீட்டி ஓரங்கட்டுவார்கள். பிறகு நேரே தராசடிக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புத் தட்டு பதித்திருக்கும். அதில் லொறியை ஏற்றி நிறுத்திவிட்டு, கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதனால் சாமான் ஏற்றும்போது நான் பொல்லாதவன். போர்கோ வெக்கியோவில் ஒரு குடும்பம் வீடு மாறியபோது, அவர்களுடைய ஆட்டுக்கல்லை நடுத்தெருவில் இறக்கி வைத்த பிறகுதான் லொறியை எடுத்தேன். அந்த வீட்டு மனிசி இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

நான் சொல்ல வந்தது பலேர்மோவின் சீசா பகுதியில் இருந்த ஒரு தம்பதியைப் பற்றி. இருவருக்கும் கத்தானியாவில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் தங்குவதற்கு வீடும் உண்டு. கணவர் என்னைவிட வயதில் குறைந்தவர், யாழ்ப்பாணத் தீவுப் பகுதி ஆள், அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண்.

அந்த நேரம் என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களை இத்தாலிக்குக் கூப்பிடுவதற்கான அலுவல் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், ஏறக்குறைய முடிந்திருந்தது. கிழமைக்கொரு தடவை போய் வரிசையில் நிற்பேன். மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். என் பெயரில் ஒரு பொலிஸ் வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு. இதை நினைத்துக்கொண்டுதான் அந்த நாட்களில் தெருவைக் கூடக் கடப்பேன்.

சாமான்கள் எவ்வளவு என்று பார்ப்பதற்காக, வீடு மாறுவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு பொடியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கோப்பையோடு எழும்பி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மூக்கையும் நெற்றியையும் பார்த்தாலே தெரிந்தது, அந்த மனிசியின் தம்பிதான். புதிதாக வந்தவன். பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, இருந்திருந்தால் சோற்றுக் கோப்பையோடு ஓட மாட்டான். யாரும் அவனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அலுமாரியையும் கட்டிலையும் மனதால் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

வீடு மாறும் நாளில் லொறியை அவர்கள் வாசலில் இரண்டாம் வரிசையில் நிறுத்தினேன். சீசாவில் அதைவிட வேறு வழியில்லை. சாமான் ஏற்ற இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். அலுமாரி ஏறும்வரை நின்று பார்த்தேன். அதற்குள் பின்னால் நகரப் பேருந்து வந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டது. லொறியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் அடுத்த பேருந்து. பிறகு இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்திருந்த பின்கதவு எல்லாவற்றையும் மறைத்தது. லொறி இரண்டு மூன்று தடவை நன்றாக அமிழ்ந்து எழும்பியது மட்டும் இருக்கையில் தெரிந்தது. பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். கதவில் புத்தம் புதிய பூட்டு ஒன்று தொங்கியது.

"இதென்ன பூட்டு?" என்றேன்.

"சிக்னலிலை நிக்கேக்கை பின்னாலை துறந்து எடுத்துப்போடுவாங்கள் அண்ணை" என்றார் கணவர். திறப்பு அவருடைய சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பதில் நியாயமானதுதான். பலேர்மோவில் அப்படி நடக்கும். ஆனால் கேட்பதற்கு முன்பே தயாராக இருந்த பதில் போல எனக்குப் பட்டது. அவர் ஏறி கதவோரத்தில் உட்கார்ந்தார். நடு இருக்கை வெறுமனே கிடந்தது.

"மனிசி எங்கை?"

"அவ விடியவே பஸ்ஸிலை போட்டா. அங்கை வீடு கூட்ட வேணுமெல்லே."

"தம்பியார்?"

"எந்தத் தம்பி?"

அவர் அதைச் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை, வெளியே பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. பொடியன் பின்னால்தான் இருக்கிறான். அலுமாரிக்குள்ளோ கட்டிலுக்குக் கீழோ மடங்கிக் கிடக்கிறான். அவனை ஒளித்துக் கொண்டுபோக என் பெயரில் ஒரு லொறி, என் மகளின் தலையில் ஒரு கல். அங்கேயே இறங்கிக் கத்தியிருக்கலாம். பின்னால் மூன்றாவது பேருந்து வந்துவிட்டது.

ஒரேத்தோ பக்கத்தால் போய் நெடுஞ்சாலையில் ஏறினோம். கடல் இடப்பக்கம் பளபளவென்று வந்தது. எனக்குக் கடல் பார்க்கிற மனநிலை இல்லை. லொறி இழுக்கவில்லை. சின்ன ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. முன் சில்லுகள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவது போல ஸ்டியரிங் இலேசாக இருந்தது. பின்னால் பாரம் கூடினால்தான் அப்படி இருக்கும். முதலாவது வளைவில் உள்ளே 'தொம்' என்று ஏதோ அசைந்தது.

"என்ன அது?"

"அலுமாரி."

அடுத்த வளைவிலும் அதே சத்தம், இந்தமுறை மறுபக்கத்தில்.

"அதென்ன?"

"கட்டிலாக்கும்."

அலுமாரியை நான் கண்ணால் பார்த்து, கயிறு போட்டுக் கட்டுவித்திருந்தேன். ஒரு மனிதன் முழங்காலை மாற்றி வைத்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே காற்று வருமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கோபமும் அந்தப் பொடியன் மேல் பரிதாபமும் மாறி மாறி வந்தன.

பெற்றோல் நிலையம் ஒன்றில் நிறுத்தினேன். சில்லுக்குக் காற்றுப் பார்ப்பது போலப் பின்னால் போய், லொறியின் தகரத்தில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மெல்லத் தட்டினேன்.

"தம்பி, உள்ளுக்கு இருக்கிறியோ? பயப்பிடாதை, நான்தான்."

"ஆரோடை கதைக்கிறியள் அண்ணை?" கணவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சில்லோடை" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு, இரவு வரப் பிந்தும் என்று சொல்வதற்காக டெலிபோன் பெட்டிக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். நான் பேசி முடிக்கும்வரை மூன்றடி தூரத்தில் நின்று, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். திருட்டு வேலை செய்கிற ஆள் காவல் நிற்கிறார் என்று நினைத்தேன். என் சந்தேகம் அத்தோடு உறுதியாகிவிட்டது.

தெர்மினி தாண்டிக் கொஞ்ச தூரம் போக, சிவப்பு வட்டம் நீண்டது.

இரண்டு பொலிஸார். வயதான அதிகாரி லொறியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் கேட்காமல் தங்கள் வண்டியைத் தொடர்ந்து வரச் சொன்னார். தராசடியில் ஏறி நின்றோம். எங்களை இறக்கிவிட்டு நிறுத்தார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தவர் எண்ணைச் சொன்னார். நான் போட்ட கணக்கைவிட நாலைந்து ஆள் பாரம் கூட. அப்போது என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவன் இல்லை, ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"உள்ளே என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

கேள்வி என்னிடம்தான். லொறி என் பெயரில். கொழும்பு அறையும், அதன் யன்னலில் நிற்கும் ஒரு சின்னப் பிள்ளையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வழி முழுவதும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த இத்தாலிய வசனம், ஒரு பிழையும் இல்லாமல் வெளியே வந்தது.

"நான் சாரதி மட்டும்தான் ஐயா. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. பூட்டு இவருடையது, திறப்பும் இவரிடம்தான். இவரைக் கேளுங்கள்."

சொல்லிக்கொண்டே விரலாலும் காட்டினேன். கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே மனிதர் யாரும் இல்லை. கதவோரத்திலிருந்து பாதி லொறிவரை நீல நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்கள். அவற்றுக்கு இடையில் வாளிகள், இடியப்பச் சட்டி, பிரஷர் குக்கர், பெரிய சோற்றுப் பானை. எல்லாம் வாய்வரை நிரப்பி, பொலித்தீன் போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அதிகாரி ஒரு கானைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சந்தேகம் தீராமல் கணவரைக் குடித்துக் காட்டச் சொன்னார். அவர் குடித்தார்.

"தண்ணீரா? கத்தானியாவுக்கா? ஏன்?"

கணவருக்கு இத்தாலிய மொழி அவ்வளவு வராது. யோசித்து யோசித்துச் சொன்னார். "நாங்கள் பலேர்மோ ஆட்கள், ஐயா."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பலேர்மோவில் அந்த வருடங்களில் குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் வரும், நினைத்த நாளில் நிற்கும். வருகிற நாளில் வேலைக்குப் போகாமல் நின்று பிடித்து வைப்பவர்கள் உண்டு. தன் தாயும் குளியலறை முழுக்கக் கான் அடுக்கி வைத்திருப்பதாக அவர் சொன்னார். அபராதம் எழுதவில்லை. ஊற்றிவிட்டு மறுபடி நிறுக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் கான் கானாகத் தூக்கிக்கொண்டு போய் வீதியோரத்து அலரிச் செடிகளுக்கு ஊற்றினோம்.

"இண்டைக்கு விடியமுன்னம் தண்ணி வந்திட்டுது அண்ணை. விட்டிட்டு வர மனிசிக்கு மனம் கேக்கேல்லை" என்றார் கணவர். "உங்களுக்குச் சொன்னா இறக்கச் சொல்லுவியள்."

சொல்லியிருந்தால் இறக்கத்தான் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் வரவில்லை. பொடியன் உள்ளே இல்லை என்ற நிம்மதியில், மிச்ச வழி முழுவதும் நான்தான் பேசிக்கொண்டு போனேன். அவர் ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கத்தானியாவில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தது பொடியன். கையில் விளக்குமாறு.

"நீ எப்பிடி வந்தனி?"

"அக்காவோடை பஸ்ஸிலை அண்ணை."

"லொறியிலை முன்னுக்கு இருந்து வந்திருக்கலாமே. நடுச் சீட் சும்மாதானே கிடந்தது."

பொடியன் கள்ளம் தெரியாதவன். "அத்தான்தான் வேண்டாம் எண்டவர். நீங்கள் கிழமைக்குக் கிழமை குவெஸ்தூராவுக்குப் போற ஆளாம். பொலிஸ் மறிச்சா முதல் வேலையா என்னைக் காட்டிக் குடுத்திடுவியளாம்."

"டேய், வாயை மூடு" என்றாள் தமக்கை உள்ளேயிருந்து.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாசலில் நின்றே கத்தினேன். "நான் ஆரைக் காட்டிக் குடுத்தனான்? இந்த ஊரிலை ஒரு ஆளைச் சொல்லுங்கோ பாப்பம். என்ரை மனிசி பிள்ளையின்ரை அலுவலுக்குப் போறன். அதுக்கு எனக்கு இந்தப் பட்டமோ? ஞாயித்துக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு லொறி ஓட்டி வந்தவனுக்குச் சொல்லுற கதையோ இது?"

கணவர் லொறியிலிருந்து கதிரை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இண்டைக்கு என்னைக் காட்டினியள்தானே அண்ணை."

கதிரையை எனக்குப் பக்கத்தில் வைத்து, இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த சாமானை எடுக்கப் போனார். நான் இருக்கவில்லை. அவர் என்னைப் பற்றி அப்படி நினைத்தது எனக்கு வலித்தது. அவர் நினைத்தது போலவே நடந்துகொண்டேன் என்பது அதைவிட வலித்தது. ஆனாலும் அந்தத் தராசடியில் இன்னொரு முறை நிறுத்தினால், என் பிள்ளைக்காக அதே வசனத்தைத்தான் சொல்லுவேன். அதுவும் அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

மாரிகாலத்தில் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கத்தானியாவிலிருந்து அந்தத் தம்பதி இரண்டு தடவை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேலை என்று சொன்னேன்.