மேலே விட்ட இடம்

பள்ளியில் கட்டுரை என்றால் முதலில் குறிப்புச்சட்டகம் எழுத வேண்டும். முன்னுரை, நடுவில் தலைப்புகள், முடிவுரை. எங்கள் வகுப்பில் யார் அதை முதலில் எழுதினோம்? மேலே இடம் விட்டுவிட்டு, கட்டுரையை முடித்தபின் அதில் வந்த தலைப்புகளை மேலே ஏற்றி அடிக்கோடு போடுவோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அதே பழக்கத்தோடுதான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கும் போனேன். பேச்சும் வாசிப்பும் தேறின. கட்டுரை மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று டவுணில் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

வேலைக்காகச் சொந்த ஊரை விட்டுப் போகலாமா என்று ஒரு தலைப்பு கொடுத்தார் சார். நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்மா, வழவழா கொழகொழான்னு எழுதியிருக்க. போகச் சொல்லுதியா, வேண்டாங்கியா?"

"எழுதிக்கிட்டே போனா கடைசில தெரிஞ்சிரும்னு நெனச்சேன் சார்."

"அதாம்மா கோளாறு. முதல்ல முடிவு பண்ணு. தமிழ்லயே ஒரு தாள்ல கிறுக்கு. பெறவு இங்கிலீஷுக்குப் போ."

ஊருக்குத் திரும்பும் சீவலப்பேரி பஸ்ஸில் ஒரு வெற்றுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இங்கிலீஷா எனக்குக் கோளாறு? அப்பா போனபிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவள். அவளை விட்டுவிட்டுப் போவதா என்று நானே முடிவு செய்யவில்லை. கட்டுரை எப்படி முடிவு செய்யும்? இறங்குவதற்குள் எழுதினேன்: போவேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்குட்டி அழுவுத?" என்றாள் அம்மா. தாளை வாசித்துக் காட்டினேன்.

"அதான் எழுதிட்டேல்லா. பெறவென்ன அழுகை? மூஞ்சியக் கழுவு."

அடுத்த தேர்வில் கேட்டது மிருகக்காட்சி சாலை வேண்டுமா என்று. சுற்றி எல்லோரும் மளமளவென்று எழுத, எனக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு தாளின் உச்சியில் 'வேண்டாம்' என்று போட்டேன். ஏன் என்பதைக் கீழே கிறுக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆங்கிலம்.

தேறிவிட்டேன்.

வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்த அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். காலைக் கழுவினாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "கொஞ்ச நாள் கழிச்சுப் பையப் போனாப் போதும்லா?"

"இல்லம்மா. அங்க ஆஸ்பத்திரில அடுத்த மாசமே கூப்பிடுதாங்க, போயிருவேன்" என்றேன். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.