யோகன் பார்த்த பார்வை

பேய், பில்லி, சூனியம் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாக எஞ்சினோடு மாரடிக்கிறவனுக்கு அதெல்லாம் மண்டையில் ஏறாது. ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும், நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

களுவாஞ்சிக்குடியில் என் கராஜுக்கு நேர் எதிரே செட்டிபாளையத்து யோகன் வந்து கராஜ் போட்டான். என்னிடம் கம்ப்யூட்டர் ஸ்கேனர் இருக்கிறது, அவனிடம் ஒழுங்கான டோர்ச்கூட இல்லை. வாகனத்தின் பொனற்றைத் திறப்பான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பான், ஒன்றையும் தொடமாட்டான். ஒயில் கசிந்த தடம், வெடித்த குழாய், தளர்ந்த பெல்ட் எல்லாம் அந்தப் பார்வையிலேயே பிடிபட்டுவிடும். என்னிடம் வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய, எனக்கு வயிறு எரிந்தது. மந்திரம் ஓதி நோய் வருத்தம் மாற்றுகிறவர்களைப் போல இவன் எஞ்சினுக்குப் 'பார்வை பார்க்கிற' பரிசாரி என்று ஊரெல்லாம் நக்கலடித்துத் திரிந்தேன்.

ஒரு நாள் காலை ரீச்சர் ஒருவரின் வேன் இழுக்கவில்லை என்று என்னிடம் வந்தது. வேனில் ஸ்கேனரைக் குத்திப் பார்த்தேன், அது சொன்ன சென்சரை மாற்றினேன், சரிவரவில்லை. ரீச்சர் என் கண்முன்னாலேயே யோகனைக் கூப்பிட்டார். அவன் வந்து குனிந்து பார்த்தான்.

"எலி வயர அரிச்சிருக்கு ரீச்சர், அவ்வளவுதான்."

நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் கண் அவிந்து போகட்டும் என்று, உண்மையைச் சொல்கிறேன், மனதுக்குள் சபித்தேன்.

அந்த நொடியில் அவன் நிமிர்ந்தான். பின்னால் கட்டிய கையை எடுக்காமல், வேனைப் பார்த்த அதே பார்வையை என் நெஞ்சில் வைத்தான்.

"அண்ணன், உங்கட நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு ஒழுகுது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

"என்னையும் வேன் எண்டு நினைச்சியாடா?" என்று கத்தினேன். அவன் சிரிக்கவில்லை.

என் மனைவி விடவில்லை. "ஒருக்காக் காட்டினா என்னகா?" என்று இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் மெஷினை வைத்து நெடுநேரம் தேடிவிட்டு அதையேதான் சொன்னார், இதய வால்வில் கசிவு. அதுவரை எனக்கு மூச்சு வாங்கியதுகூட இல்லை. உயிர் தப்பிய சந்தோஷத்தைவிட, அதையும் அவனே முதலில் கண்டான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது மருந்து எடுக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். போன கிழமை சந்தையில் யோகன் எதிரே வந்தான். என் நெஞ்சை ஒரு கணம் பார்த்தவன், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். என்ன கண்டாய் என்று கேட்டால் சொல்லிவிடுவான், ரோட்டைக் கடந்தால் போதும். அவனிடம் போய்க் கேட்கத்தான் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.